மருத்துவ ஆய்வுக்காக மாற்றப்படும் சுண்டெலிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் உயர்தர உயிரியல் பாடத்தில் இந்தச் சுண்டெலிகளைப் பற்றி ஓரிரு வரிகளே வருகின்றன. கண்ணுக்கே தெரியாத முளையத்துக்குள் ஒரு மரபணுவை எப்படிப் புகுத்துகிறார்கள்? – உயர்தர மாணவி, ஹட்டன்

கருக்கட்டிய சுண்டெலி முட்டையின் அகலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். தந்தையிடமிருந்து வந்த கலக்கருவும் தாயிடமிருந்து வந்த கலக்கருவும் ஒன்றுசேர்வதற்கு முன்னர், சில மணிநேரம் அந்த முட்டைக்குள் இரண்டு வட்டங்களாகத் தனித்தனியே தெரியும். அந்த இடைவெளியில்தான் வேலையைச் செய்து முடிக்க வேண்டும். நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு கண்ணாடிக் குழாய் முட்டையை மெல்ல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள, எதிர்ப்புறத்திலிருந்து வரும் அதைவிட நுண்ணிய ஊசி சவ்வைத் துளைத்துச் சென்று, இரண்டில் பெரியதாகிய தந்தையின் கருவுக்குள் டி.என்.ஏ. கரைசலைச் செலுத்துகிறது. கரு சற்றே வீங்குவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்த அக்கணமே ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முட்டை சிதைந்துவிடும்.

தப்பிய முட்டைகள் ஒரு வளர்ப்புத் தாயின் சூலகக் குழாய்க்குள் வைக்கப்படுகின்றன. அந்தத் தாயின் உடல் கர்ப்பத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, கருக்கட்ட இயலாதபடி சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஓர் ஆண் எலியுடன் அதை முந்தைய இரவு சேர விட்டிருப்பார்கள். 19 முதல் 21 நாட்களுக்குள் குட்டிகள் பிறக்கும். அவற்றுட் சிலவே புதிய மரபணுவைக் கொண்டிருக்கும்.

1980 இல் ஜோன் கோர்டனும் பிராங்க் ரடிலும் இம்முறையால் சுண்டெலிகளுக்குள் அயல் டி.என்.ஏ.யைக் கொண்டுசென்றனர். 1982 இல் றிச்சர்ட் பால்மிட்டர், ரல்ப் பிறின்ஸ்டர் ஆகியோரின் குழு பெரிய எலியொன்றின் வளர்ச்சி ஓமோன் மரபணுவைச் சுண்டெலிக்குள் செலுத்தியபோது, உடன்பிறந்தவற்றைவிட மிகப் பெரிதாக வளர்ந்த குட்டிகள் பிறந்தன. ஆனால் இம்முறையில் புதிய மரபணு நிறமூர்த்தத்தில் எந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது முக்கியமான வேறொரு மரபணுவின் நடுவே விழுந்தும் கெடுக்கலாம்.

குறித்த ஒரு மரபணுவை மட்டும் குறிவைத்து மாற்றும் வழி வேறிடத்திலிருந்து வந்தது. 1981 இல் மார்ட்டின் எவன்சும் மத்தியூ கோஃப்மனும் சுண்டெலி முளையத்திலிருந்து, உடலின் எந்தக் கலமாகவும் வளரக்கூடிய குருத்துக் கலங்களைப் பிரித்து ஆய்வுகூடத்தில் வளர்த்தார்கள். மரியோ கபேச்சியும் ஒலிவர் சிமிதீசும் கலத்திலுள்ள ஒரு மரபணுவை, அதனோடு பெரும்பாலும் ஒத்துப்போகும் டி.என்.ஏ. துண்டொன்றைக் கொண்டு இடம்மாற்றும் வழியைக் கண்டறிந்தார்கள். இவ்விரண்டும் சேர்ந்ததன் பயனாக 1989 இல் மரபணு முடக்கப்பட்ட முதற் சுண்டெலிகள் வெளிவந்தன. 2007 இல் எவன்ஸ், கபேச்சி, சிமிதீஸ் ஆகிய மூவரும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இம்முறையில் உரோம நிறமே வழிகாட்டியாயிற்று. பழுப்பு நிற வகையின் குருத்துக் கலங்களைக் கறுப்பு நிற வகையின் முளையத்துக்குள் செலுத்தினால் திட்டுத்திட்டாக இருநிறமுள்ள குட்டி பிறக்கும். அதைக் கறுப்பு எலியுடன் சேர்த்து, பழுப்புக் குட்டி பிறந்தால், மாற்றிய கலங்கள் இனப்பெருக்க உறுப்பு வரை சென்றிருக்கின்றன என்று பொருள்.

இப்போது கிறிஸ்பர் முறை வந்துவிட்டது. ஏறத்தாழ 20 எழுத்துக்கள் கொண்ட வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்று, கஸ்-9 என்னும் வெட்டும் நொதியத்தைக் குறித்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. எமானுவேல் சார்ப்பென்டியேயும் ஜெனிபர் டவுட்னாவும் 2012 இல் இதை வெளியிட்டு 2020 இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2013 இலேயே ஒரே தடவையில் பல மரபணுக்கள் மாற்றப்பட்ட சுண்டெலிகள் பிறந்துவிட்டன. முன்னர் ஓராண்டுக்கு மேல் எடுத்த பணி இன்று சில மாதங்களுக்குள் முடிகிறது. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கிறிஸ்பரால் பிறக்கும் முதற் குட்டியின் எல்லாக் கலங்களிலும் ஒரே மாற்றம் இருக்குமென்று எண்ண முடியாது. அதைச் சாதாரண எலியுடன் சேர்த்து, அடுத்த தலைமுறையின் டி.என்.ஏ.யை வாசித்துப் பார்த்த பின்னரே அது இன்ன வகை என்று சொல்லலாம்.

ஆய்வுக்கு ஏன் சுண்டெலி? குரங்கோ பன்றியோ நமக்கு நெருக்கமானவை அல்லவா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தலவாக்கலை

உடலமைப்பில் நெருக்கமானவைதான். ஆயினும் சுண்டெலி ஆறு முதல் எட்டு வாரங்களில் இனம்பெருக்கும் பருவத்தை அடைகிறது. ஈராண்டளவே வாழ்வதால் முதுமை நோய்களைக்கூட ஓர் ஆய்வாளர் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கலாம். மனிதனுக்கு இருப்பதைப் போலவே ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்கள் அதற்கும் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு நம்மிடம் நேரொத்த மரபணு இருக்கிறது.

இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. உங்கள் ஊர்த் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் பகுதியில் வாழும் தங்களுக்கு அது எளிதில் விளங்கும். விதைத் தேயிலை மலையில் செடிக்குச் செடி வேறுபாடு இருக்கும். ஒரே தாய்ச் செடியின் தண்டை நட்டு உண்டாக்கிய வி.பி. தேயிலை மலையில் எல்லாச் செடியும் ஒன்றுபோல் இருப்பதால், ஒரு வரிசைக்கு மட்டும் பசளையை மாற்றினால் விளைச்சலில் வரும் வேறுபாடு பசளையால் வந்ததென்று துணிந்து சொல்லலாம். சுண்டெலியில் அவ்வாறான ஒருமையை, உடன்பிறந்தவற்றையே 20 தலைமுறைகளுக்கு மேல் தொடர்ந்து சேர்த்து உண்டாக்குகிறார்கள். கிளாரன்ஸ் குக் லிட்டில் 1921 இல் உருவாக்கிய சி57-பிளாக்-6 என்னும் கறுப்பு வகை இன்றும் ஆய்வுகூடங்களில் மிகுதியாகப் பயன்படுகிறது. 2002 இல் வரைவு வடிவில் வாசித்து வெளியிடப்பட்ட சுண்டெலி மரபணுத் தொகுதியும் அந்த வகையினுடையதே.

என் மகனுக்குத் தலசீமியா. மாதந்தோறும் குருதி ஏற்றுகிறோம். எலிக்கு இந்த நோயை உண்டாக்கிச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் என் பிள்ளைக்கு ஏதாவது நன்மை உண்டா? – ஒரு தாய், பண்டாரவளை

அம்மா, நன்மை உண்டு. அதன் அளவையும் எல்லையையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

ஈமோகுளோபின் அல்பா, பீட்டா என்னும் இருவகைச் சங்கிலிகளால் ஆனது. தங்கள் மகனுக்கு இருப்பது பீட்டா தலசீமியாவாயின், அவருடைய உடலில் பீட்டாச் சங்கிலி போதியளவு உண்டாவதில்லை. துணையின்றி மிஞ்சும் அல்பாச் சங்கிலிகள் படிந்து, செங்குருதிக் கலங்களை என்பு மச்சைக்குள் வளரும்போதே அழித்துவிடுகின்றன. ஒலிவர் சிமிதீஸ் தம் ஆய்வுக்கு முதலில் எடுத்துக்கொண்ட மரபணு இந்தப் பீட்டா குளோபினே என்பதைத் தாங்கள் அறிவது நல்லது. மனிதக் கலங்களில் அதைக் குறிவைத்து மாற்ற முடியுமென்று 1985 இல் காட்டிய அவர், 1995 இல் தம் குழுவினருடன் பீட்டா குளோபின் மரபணுக்கள் நீக்கப்பட்ட சுண்டெலியை உருவாக்கினார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறைபாட்டைப் பெற்ற குட்டிகள் பிறப்பை ஒட்டியே இறந்தன. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றவை குருதிச்சோகையும் பெருத்த மண்ணீரலும் மிகையான இரும்புச் சேர்க்கையும் கொண்டு வளர்ந்தன.

அத்தகைய தலசீமியாச் சுண்டெலிகளில், செங்குருதிக் கலங்கள் முதிர உதவும் ஒரு மருந்தின் எலி வடிவத்தைச் செலுத்திப் பார்த்தபோது குருதிச்சோகை தணிந்தது. மனிதருக்கான வடிவமாகிய லஸ்பட்டர்செப்ட் 2019 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்றொரு வழியும் எலியூடாகவே திறந்தது. கருவில் இருக்கும்போது நமக்கிருக்கும் ஈமோகுளோபின் வகையைப் பிறந்த பின்னர் அடக்கிவைப்பது பீ.சி.எல்.11ஏ என்னும் மரபணு. அதை முடக்கினால், ஈமோகுளோபின் பிழையால் வரும் மற்றொரு நோயாகிய அரிவாட்கலச் சோகையுள்ள சுண்டெலிகள் தேறுகின்றன என்று ஸ்டூவர்ட் ஓர்கினின் குழு 2011 இல் காட்டியது. அந்த மரபணுவின் செயலைக் குருத்துக் கலங்களில் கிறிஸ்பரால் தணித்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியாவில் அனுமதி கிடைத்தது. தலசீமியாவுக்கும் அது பொருந்தும்.

எல்லை எது என்றால், சுண்டெலிக்கு நம்மைப் போன்ற தனியான கருநிலை ஈமோகுளோபின் கட்டம் இல்லை. நம் குழந்தைகள் பிறந்து சில மாதங்கள் வரை நோய் தெரியாமல் இருப்பது அந்தக் கருநிலை ஈமோகுளோபினால்தான். எனவே அது தொடர்பான ஆய்வுக்கு மனிதக் குளோபின் மரபணுக்களையே புகுத்திய வேறு சுண்டெலிகள் தேவைப்பட்டன. எலியில் கண்ட ஒவ்வொன்றும் மனிதரில் பலிக்குமென்று நம்பக்கூடாது. தங்கள் மகனுக்கு இன்று உயிர் காப்பது தவறாத குருதியேற்றமும் இரும்பகற்றும் மருந்துமே. அவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். புதிய சிகிச்சைகளைப் பற்றிக் குருநாகல் தேசிய தலசீமியா நிலையத்தில் அல்லது தங்கள் வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மாற்றப்பட்ட எலிகள் தப்பி வந்து எங்கள் லயத்து எலிகளுடன் சேர்ந்து எலிக்காய்ச்சலைப் பரப்பாதா? – தோட்டத் தொழிலாளி, மஸ்கெலியா

லயங்களில் ஓடும் பெரிய எலி வேறு பேரினம். அதனுடன் சுண்டெலி இனம்பெருக்காது. வீட்டுச் சுண்டெலியுடன் சேரக்கூடும் என்பதாலேயே இத்தகைய ஆய்வுகூடங்களில் இரட்டைக் கதவு, மூடிய கூடு, வெளியேறும் ஒவ்வொரு கூட்டின் கணக்கு ஆகியவை கட்டாயம். எலிக்காய்ச்சல் காட்டிலும் வயலிலும் திரியும் எலிகள், மாடுகள் போன்றவற்றின் சிறுநீரிலுள்ள லெப்டோஸ்பைரா பற்றீரியாவால் வருவது. ஆய்வுக்கான சுண்டெலிகள் அத்தகைய கிருமிகள் இல்லையென்று தொடர்ந்து சோதிக்கப்படுபவை. தாங்கள் அஞ்ச வேண்டியது கால்வாயிலும் சேற்றிலும் காயத்தோடு வெறுங்காலுடன் இறங்குவதைத்தான். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றின் விலங்குக்கூடத்தில் பணிபுரிகிறேன். ஈராண்டுக்கு முன் வந்த ஒரு மரபணு மாற்ற வகையில் ஆரம்பத்தில் நோய் கடுமையாகத் தெரிந்தது. இப்போது அதே மரபணு இருந்தும் இலேசாகத்தான் தெரிகிறது. குட்டிகளும் கணக்குப்படி கிடைப்பதில்லை. எங்கே பிழை? – விடுமுறையில் வந்துள்ள பட்டதாரி, கம்பளை

இந்தக் கடிதம் வந்ததில் பெருமகிழ்ச்சி. உருவாக்கியவரின் பெயர் சஞ்சிகைகளில் வருகிறது; உருவாக்கியதைத் தலைமுறை தலைமுறையாகக் கெடாமல் காப்பவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆனால் ஆய்வு முடிவு உண்மையா பொய்யா என்பது பெரும்பாலும் தங்களைப் போன்றவர்களின் கையில்தான் இருக்கிறது.

முதலில் ஐயப்பட வேண்டியது தெரிவை. நோய் கடுமையான எலி குறைவாக ஈனும், நோய் மெலிந்த எலி நன்றாக ஈனும். கூட்டில் நன்றாக ஈனுபவற்றையே அடுத்த சோடியாக வைப்பது எல்லோருடைய வழக்கமும். மாற்றப்பட்ட மரபணுவைச் சுற்றியுள்ள பின்னணி கலப்பாக இருந்தால், இவ்வழக்கம் சில தலைமுறைகளுக்குள் நோயைத் தணிக்கும் வேறு மரபணுக்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துவிடும். எவரும் தவறு செய்யாமலே வகை மாறிவிடுகிறது.

இரண்டாவது, பின்னணி எலியை எங்கிருந்து வாங்கினீர்கள் என்பது. கறுப்பு-6 வகை 1951 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குச் சென்றதிலிருந்து ‘ஜே’, ‘என்’ என்று இரு கிளைகளாகப் பிரிந்துவிட்டது. ஜே கிளையில் என்.என்.டி. என்னும் மரபணுவில் ஒரு பகுதி இல்லை. அது இன்சுலின் சுரப்பைப் பாதிக்கிறது. ‘என்’ கிளையில் விழித்திரையைக் கெடுக்கும் விகாரம் ஒன்று இருக்கிறது. இரண்டும் கறுப்பு, இரண்டின் பெயரும் ஒன்று. இடையில் யாராவது வேறு கிளையிலிருந்து எலி வாங்கிச் சேர்த்திருந்தால் தங்கள் வகை இப்போது பழைய வகையல்ல. மூல வகையின் எலியை வாங்கி ஐந்து முதல் பத்துத் தலைமுறைகளுக்கு ஒருமுறை திரும்பக் கலந்து புதுப்பிப்பது முறை. கலப்புப் பின்னணியைத் தூய்மையாக்க வழமையாகப் பத்துத் தலைமுறைகள் திரும்பக் கலக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அயல் பங்கு பாதியாகும். டி.என்.ஏ. அடையாளங்களைப் பார்த்துச் சோடியைத் தெரிவுசெய்தால் ஐந்தளவில் முடிக்கலாம்.

மூன்றாவது, எலி மாறிப்போவது. இது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. குட்டிகளை 21 ஆம் நாளளவில் தாயிடமிருந்து பிரிக்கும்போது காதில் துளையிட்டு எண் குறித்து, அந்தத் துளையில் வந்த துண்டிலிருந்தே டி.என்.ஏ. எடுப்பது சிறந்தது. ஒரே துளை அடையாளமும் மாதிரியுமாகிவிடுவதால் இரண்டும் பிரிய வழியில்லை. டி.என்.ஏ. துண்டைப் பல பிரதிகளாக்கும் பி.சி.ஆர். செய்து ஜெல்லில் ஓட்டும்போது இயல்பான பிரதிக்கு ஒரு பட்டை, மாறிய பிரதிக்கு வேறு பட்டை, இரண்டும் உள்ள எலிக்கு இரு பட்டைகள். ஒவ்வொரு தடவையும் வெறும் நீர் மாதிரி ஒன்றும் ஏற்கெனவே உறுதிசெய்த எலியின் மாதிரி ஒன்றும் சேர்த்தே ஓட்டுங்கள். வாங்கிய மாதிரியைப் போன்றே சோதனைக்கு எடுக்கும் நாளிலும் இறுதித் துண்டொன்றை எடுத்து மீண்டும் சோதிப்பது பல மாத வேலையைக் காப்பாற்றும்.

பிரிக்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். ஈன்ற சில மணிநேரங்களிலேயே தாய் மீண்டும் கருத்தரிக்கக் கூடியது. ஆண் உடனிருந்தால் மூன்று வாரங்களில் அடுத்த ஈற்று வந்துவிடும். மூத்த குட்டிகள் அதே கூட்டில் இருந்தால் இளையவை மிதிபட்டு இறக்கும். ஆறு வாரத்தை நெருங்கினால் உடன்பிறந்தவையே சேர்ந்துவிடும், பிறகு எந்தக் குட்டி எவருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

கணக்குக்கு வருவோம். மாறிய மரபணுவின் ஒற்றைப் பிரதி உள்ள இரு எலிகளைச் சேர்த்தால், இரட்டைப் பிரதி உள்ள குட்டி நான்கில் ஒன்று. ஒரே வயதில் எட்டு இரட்டைப் பிரதி ஆண்கள் வேண்டுமானால், எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சராசரியாக 64 குட்டிகள் பிறக்க வேண்டும். ஈற்றுக்கு ஆறு ஏழு என்றால் பத்து ஈற்றுகள். இதை முன்னரே கணக்கிடாமல் இரண்டு சோடிகளை வைத்துக்கொண்டு ஏமாறுபவர் பலர். மாறாக, 40 குட்டிகள் பிறந்தும் இரட்டைப் பிரதி ஒன்றுகூட இல்லையென்றால் அதைத் தற்செயல் என்று விடாதீர்கள். அவ்வாறு தற்செயலாக நேர்வதற்கான வாய்ப்பு ஒரு இலட்சத்தில் ஒன்றளவே. அவை கருவிலேயே இறக்கின்றன என்பதே பெரும்பாலும் காரணம்; கர்ப்பத்தின் இடைநாட்களில் முளையங்களைச் சோதித்தால் எந்த நாளில் இறக்கின்றன என்று தெரியும். அந்நிலையில் முழு உடலிலும் முடக்காமல், கிறீ-லொக்ஸ் முறையால் ஈரலில் மட்டும் அல்லது மூளையில் மட்டும் முடக்கும் வகையை நாட வேண்டும்.

எல்லாக் கணக்கும் சரியாயிருந்தும் கரு தங்காவிட்டால் அறையைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அருகே அயல் ஆணின் வாடை வந்தாலே கரு பதியாமல் போய்விடும் என்பதை 1959 இல் ஹில்டா புரூஸ் காட்டியிருக்கிறார். பக்கத்து அறைக் கட்டட வேலையின் அதிர்வு, ஈன்ற மறுநாளே கூட்டைக் கழுவும் பழக்கம் ஆகிய ஒவ்வொன்றும் குட்டிகளைத் தாயே தின்னக் காரணமாகியிருக்கின்றன. இவற்றையெல்லாம் கூட்டு அட்டையில் திகதியோடு எழுதிவையுங்கள். ஈராண்டு அட்டைகள் கையிலிருந்தால் தங்கள் வகை எந்தத் தலைமுறையில் மாறியது என்பதைத் தாங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் நுவரெலியாக் குளிரில் இவற்றை வளர்க்க முடியுமா? – மாணவன், நுவரெலியா

கட்டுப்படுத்திய அறையில் எங்கும் வளர்க்கலாம். ஆனால் நமக்கு இதமான 22 பாகை சுண்டெலிக்குக் குளிரே. அது வேலையின்றி உடற்சூட்டைக் காக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை. எனவே கூடு கட்டத் தாராளமாகக் கடதாசியோ பஞ்சோ கொடுக்க வேண்டும். கொடுக்காத அறையில் உடல் பருமன், புற்றுநோய் தொடர்பான முடிவுகள்கூட மாறக்கூடும்.

பிள்ளையாரின் வாகனத்தை இப்படிச் செய்வது பாவமில்லையா? – கோயில் நிர்வாக சபை உறுப்பினர், ஹப்புத்தளை

தங்கள் மனவருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளும் விஞ்ஞானி தம் கடமையை உணராதவர். 1959 இல் வில்லியம் ரசலும் ரெக்ஸ் பேர்ச்சும் மூன்று நெறிகளை வகுத்தார்கள்: விலங்கின்றிச் செய்ய முடியுமாயின் விலங்கை நாடாதே, நாடினால் எண்ணிக்கையைக் குறை, குறைத்ததற்கும் வலியைத் தணி. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியின்றி ஓர் எலியும் பயன்படக்கூடாது என்பதும், உடல் எடை குறித்த அளவுக்கு மேல் குறைந்தாலே ஆய்வை நிறுத்தி வலியின்றி முடித்துவிட வேண்டும் என்பதும் அந்நெறிகளின் வழி வந்தவை.

எம்மை அதிகம் வருத்துவது ஆய்வில் இறக்கும் எலியைவிட, ஆய்வுக்கே உதவாமல் இறக்கும் எலி. மேலே சொன்ன கணக்கில் எட்டு எலிகளைப் பெற 64 பிறந்தன. எஞ்சிய 56 இல் சில ஒப்பீட்டுக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படும், மற்றவை வேண்டாதவை. இரட்டைப் பிரதி எலி நலமாக வாழுமாயின் அதையே ஒற்றைப் பிரதி எலியுடன் சேர்த்தால் பாதிக் குட்டிகள் பயன்படும். தேவையில்லாத காலத்தில் இனம்பெருக்கவே கூடாது.

ஓர் ஆய்வு முடிந்த பின் அந்த எலி வகை என்னாகும்? – விவசாய டிப்ளோமா மாணவி, பதுளை

விந்தையோ முளையத்தையோ திரவ நைதரசனில் மறை 196 பாகையில் உறையவைத்துவிட்டுக் கூட்டை மூடிவிடலாம். ஸ்டான்லி பேர்ல்மனின் ஆய்வுகூடம் சார்ஸ் நோய்க்காக, அந்நோயின் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.-2 என்னும் புரதத்துக்கான மனித மரபணுவைக் கொண்ட ஒரு சுண்டெலியை உருவாக்கி 2007 இல் வெளியிட்டது. பின்னர் அதற்குத் தேவை குறைந்தது. 2020 இல் கொவிட் வந்தபோது, சாதாரணச் சுண்டெலியின் ஏ.சி.இ.-2 இல் அந்த வைரஸ் சரியாக ஒட்டாததால், உலகெங்கும் தேடப்பட்டது அந்த எலியே. உறைநிலையில் இருந்த விந்திலிருந்து அமெரிக்காவின் ஜக்சன் ஆய்வுகூடம் அதை மீண்டும் உண்டாக்கி ஆய்வாளர்களுக்கு அனுப்பியது.

உறையவைத்தவுடன் கூட்டைக் கலைத்துவிடக்கூடாது. ஒரு குழாயை எடுத்து உருக்கி, முட்டைகளைக் கருக்கட்டி, உயிருள்ள குட்டிகள் பிறக்கின்றனவா, அவற்றில் மாறிய மரபணு இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கடைசிச் சோடியை விட வேண்டும். உறைந்த குழாய்களையும் ஒரே கொள்கலனில் வைக்காமல் இரண்டு கட்டடங்களில் பிரித்து வைப்பது நல்லது.